எட்டிப் பார்த்தவர் பதிவேடு

'உங்கள் கணக்கில் புதிய சாதனத்திலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள். நீங்கள்தானா?' புது போன் வாங்கிய எல்லோரையும் வரவேற்கும் கேள்வி இது. ஆமாம் அய்யா, நான்தான். காசு கொடுத்து வாங்கிய போனில், என் விரலால், என் பாஸ்வேர்டைத்தான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறார்கள். மதுரையில் உட்கார்ந்து லாகின் செய்தவருக்கு 'பெங்களூருவிலிருந்து நுழைவு' என்று காட்டும். செல்போன் நிறுவனத்தின் இணைய வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரைத்தான் ஐபி முகவரி சொல்லும் என்பது விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். தெரியாதவருக்கு அன்று இரவு தூக்கம் போச்சு. அந்த நேரம் பார்த்து, அதே எழுத்து, அதே வண்ணத்தில் மோசடிக்காரனின் மின்னஞ்சலும் வந்து சேரும்: 'நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள்.' பயந்துபோய் அழுத்தியவரின் கணக்கு அத்தோடு காலி.

போகட்டும். எந்த நாள், எந்த நேரம், எந்தக் கருவி, எந்த ஊர் என்று லாகின் ஹிஸ்டரி வைத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. நம் கணக்கை வேறு ஒருவன் திறந்தான் என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. அந்தப் பதிவேட்டில் நாம் வந்துபோன கணக்குதான் இருக்கிறது. பின்வாசல் வழியாக வந்து நம்மை எட்டிப் பார்த்தவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைக் கேட்டால் மட்டும் எல்லோருக்கும் காது அடைத்துக்கொள்கிறது.

முதலில் கம்பெனிக்காரர்களின் தர்மத்தைப் பார்ப்போம். 'கணக்கைப் பாதுகாக்க உங்கள் செல்போன் எண்ணைக் கொடுங்கள்' என்று ட்விட்டர் கேட்டது. 2013 முதல் 2019 வரை 14 கோடிக்கும் அதிகமானவர்கள் போன் எண்ணோ மின்னஞ்சல் முகவரியோ நம்பிக் கொடுத்தார்கள். திருடனைத் தடுக்கக் கொடுத்ததை எடுத்து விளம்பரக்காரர்கள் ஆள் பிடிக்க உதவினார்கள் உத்தமர்கள். 2022 மே மாதம் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கையும் களவுமாகப் பிடித்து 15 கோடி டாலர் தண்டம் போட்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் கம்பெனி கைமாறியது. புது முதலாளி 2023 மார்ச்சில் ஒரு சீர்திருத்தம் செய்தார்: எஸ்எம்எஸ் வழியாக வரும் இரண்டாவது பூட்டு இனிமேல் மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும். முன்பு பாதுகாப்பு என்ற பெயரில் நம்மை விற்றார்கள். பிறகு பாதுகாப்பையே நமக்கு விற்றார்கள். பேஸ்புக்கும் இதே வித்தையைச் செய்ததுதான். 2019ல் அதன்மேல் விழுந்த 500 கோடி டாலர் அபராதத்துக்குப் பின்னால் இருந்த புகார்களில் இதுவும் ஒன்று.

சரி, இத்தனை அக்கறையாக எழுதிவைக்கிற பதிவேட்டை யாராவது படிக்கிறார்களா? எச்சிலை வாங்கி மரபணு ஜாதகம் கணிக்கும் அமெரிக்க நிறுவனம் ட்வென்டி த்ரீ அண்ட் மீ. 2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதம், வேறு இடங்களில் திருடிய பாஸ்வேர்டுகளைப் போட்டுப் போட்டு, சுமார் 14,000 கணக்குகளுக்குள் ஒருவன் நுழைந்தான். உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதியின் புண்ணியத்தில் 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளினான். ஐந்து மாதமும் நிறுவனத்துக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அதன் வக்கீல்கள் எழுதிய கடிதத்தின் சாரம்: ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் போட்டது வாடிக்கையாளர்களின் அலட்சியம்தானே! நாம் புது போனில் ஒரே ஒரு தடவை நுழைந்தால் மணி அடித்து ஊரைக் கூட்டுகிற இனம், திருடன் ஆயிரக்கணக்கில் நுழைந்தபோது குறட்டை விட்டது. விழித்ததும் நம்மையே திட்டியது.

வெள்ளைக்காரக் கம்பெனிகளைத் திட்டுவதில் செலவு இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவோம்.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தகவல்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்ற கேள்விக்கு அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் கொடுத்த விளக்கம், கட்டடக் கலை வரலாற்றில் இடம்பெற வேண்டியது: 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட சுவருக்குப் பின்னால் தகவல்கள் பாதுகாப்பாக இருக்கின்றன. கோட்டைச் சுவர் ஏறிக் குதிக்க ஏணியோடு வருகிறவனுக்கு இது பலத்த அடி. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜனவரியில், சண்டிகரின் ட்ரிப்யூன் பத்திரிகை நிருபர் ஏணி எதுவும் எடுத்துப் போகவில்லை. 500 ரூபாய் எடுத்துப் போனார். வாட்ஸ்அப்பில் பிடித்த ஒரு தரகர் சில நிமிடங்களில் லாகின் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்தார். எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயர், முகவரி, படம், போன் எண் எல்லாம் வந்து விழுந்தன என்று பத்திரிகை எழுதியது.

இப்போது நியாயமான ஒரு நிர்வாகம் என்ன செய்யும்? அந்த லாகின் ஐடி யாருடையது, எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது, அதன் வழியாக எத்தனை பேரின் விவரம் போயிருக்கிறது என்று பதிவேட்டைப் புரட்டும். புரட்டியதைப் பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்லும். ஆதார் ஆணையம் காவல் துறைக்குப் புகார் எழுதியது. எஃப்ஐஆரில் பத்திரிகை நிருபரின் பெயரும் இருந்தது. பூட்டு உடைந்திருக்கிறது என்று சொல்ல வந்தவரின் கைரேகையை எடுத்துக்கொண்டார்கள். கைரேகை எடுப்பதில் அவர்களுக்கு எப்போதுமே ஆர்வம் அதிகம்.

2023 ஜூனில், தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின். ஒரு செல்போன் எண்ணை டெலிகிராமில் இருந்த ஒரு தானியங்கிக் கணக்கில் போட்டால், தடுப்பூசிக்குப் பதிவு செய்தவர் பெயரும் கொடுத்த அடையாள அட்டை எண்ணும் வந்துகொண்டிருந்தன. செய்தி வெளியான அன்றே அரசு அறிக்கை: இவை அடிப்படையற்றவை, விஷமத்தனமானவை. அதே மூச்சில், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆராய்ந்து அறிக்கை தரும் என்றும் சொன்னார்கள். அடிப்படையே இல்லாத ஒன்றை ஆராயச் சொல்வது தத்துவத் துறையில் புதிய சாதனை. பத்து நாளில் ஒருவரைக் கைது செய்ததாக டெல்லி போலீஸ் சொன்னது. நடக்காத குற்றத்துக்கு நடந்த கைது!

நம்மூருக்கும் பெருமையில் பங்கு உண்டு. 2024 மே மாதம், தமிழ்நாடு போலீஸின் முகம் அடையாளம் காணும் தளத்துக்குள், நிர்வாகிக் கணக்கு ஒன்றின் வழியாகவே வெளியாள் நுழைந்தார். ஊரில் உள்ளவன் முகத்தையெல்லாம் அடையாளம் காணும் இயந்திரத்துக்குத் தன் வீட்டுக்குள் வந்தவனை அடையாளம் தெரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராமில் கிடைக்கின்றன என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் தன்னிடம் இருப்பதாகத் திருடன் சொல்லிக்கொண்டான். சர்க்கரை எவ்வளவு, கர்ப்பப்பை எப்படி, கட்டி எங்கே என்று டாக்டரிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதெல்லாம் சந்தைக்கு வந்தது. நம் மின்னஞ்சலுக்கு மட்டும், 'புதிய சாதனத்திலிருந்து நீங்கள்தானா?'

அந்தச் செர்ட்-இன் அமைப்புதான், கோவின் கசிவுக்கு முன்பே, 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. எல்லா நிறுவனங்களும் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும். இதுவரை கூட நியாயம் பேசலாம். அடுத்த வரிதான் உள்நோக்கத்தைக் காட்டிக்கொடுத்தது: இணையத்தில் நம்மைத் திரைபோட்டு மறைக்கும் விபிஎன் சேவை நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன், மின்னஞ்சல், ஐபி, எதற்காக இந்தச் சேவையை வாங்கினார் என்ற காரணம் வரை, அவர் விலகிய பிறகும் ஐந்தாண்டுகள் எழுதிவைக்க வேண்டும். திரை தைக்கிற கடையில் போய், உள்ளே என்ன செய்யப்போகிறாய் என்று எழுதி வாங்கிக்கொள் என்றார்கள். எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்டு விபிஎன், சர்ஃப்ஷார்க் மூன்றும் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பின. பிடிக்காவிட்டால் போகலாம் என்று அமைச்சரும் வழியனுப்பிவைத்தார்.

அந்த ஐந்தாண்டுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆதாரை எங்கே, எப்போது, எந்த நிறுவனத்தில் பயன்படுத்தினோம் என்ற பதிவுகளை ஐந்தாண்டு வைத்திருக்கலாம் என்று முன்பு விதி இருந்தது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்றது. ஒரு மனிதன் போன இடமெல்லாம் ஒரே ஏட்டில் சேர்ந்தால் அது அவன் வாழ்க்கைச் சரித்திரமாகிவிடும் என்பது புரியப் பெரிய சட்ட ஞானம் தேவையில்லை. நாலு வருஷம் ஆவதற்குள், நாடாளுமன்ற விவாதம் இல்லாமல், ஓர் அலுவலக உத்தரவில், வேறு வாசல் வழியாக அதே ஐந்து ஆண்டுகள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன.

இதைக் கேட்டால் தேசபக்தர்கள் பழமொழி சொல்வார்கள்: மடியில் கனம் இல்லையென்றால் வழியில் என்ன பயம்? ஒளிக்க எதுவும் இல்லாதவன் ஏன் ஒளிகிறான்? நல்ல பழமொழி. ஆனால் அந்தக் காலத்தில் வழியில் பயந்தவன் திருடனல்ல. மடியில் தன் சொந்தக் காசை முடிந்துகொண்டு போனவன்தான். அவன் பயந்தது வழிப்பறிக்காரர்களுக்கு. அதை இப்போது வழிமறிப்பவர்களே மேற்கோள் காட்டுகிறார்கள்.

இருக்கட்டும், பழமொழியை அப்படியே ஒத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் இதே செர்ட்-இன் அமைப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து மத்திய அரசு விலக்கிவைத்தது. ஊரார் லாகின் பதிவை எல்லாம் கேட்ட அலுவலகம், தன்னைப் பற்றி ஊரார் கேள்வி கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டது. கோவின் கசிவில் உண்மையில் என்ன நடந்தது என்று இனி அங்கே மனுப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். அய்யா, உங்கள் மடியில் என்ன அவ்வளவு கனம்?

2023 ஆகஸ்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஊமைக்கூத்தின் உச்சக் காட்சி. நம் தகவலைக் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போட்டன. யாருக்குப் போகும் அந்தப் பணம்? 34ஆம் பிரிவைப் படியுங்கள்: இந்தியத் தொகுப்பு நிதிக்கு. திருட்டுக் கொடுத்தவர்கள் நாம், நஷ்டஈடு அரசாங்கத்துக்கு. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கும் வழி இருந்தது. இந்தச் சட்டம் அதையும் நீக்கச் சொல்கிறது. ஆனால் நம்மை முற்றாக மறந்துவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம். பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால் நமக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எது அற்பம் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

அரசுக்கு? நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டித் தன் துறைகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளும் அதிகாரம் 17ஆம் பிரிவில் இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஒரு நிறுவனத்திடமிருந்து உங்களைப் பற்றி அரசு தகவல் கேட்கலாம். இறையாண்மைக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்றால், கேட்ட சங்கதியை உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் வாய்ப்பூட்டுப் போடலாம். ஊடுருவல் நடந்தால் அரசுக்குச் சொல்ல ஆறு மணி நேரம்தான் கெடு. பாதிக்கப்பட்ட நமக்குச் சொல்ல வேண்டிய கடமைக்கோ விதிகள் வந்த நாளிலிருந்து 18 மாத அவகாசம். 2027 மே வரை அது தூங்கலாம்.

இதற்கெல்லாம் சூட்டிய பெயர், தனியுரிமைக்கும் பாதுகாப்புக்கும் இடையே சமநிலை. தராசு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு தட்டில் நம் தனியுரிமையை வைத்தாயிற்று. மறுதட்டில் நம் பாதுகாப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால், அங்கே இருப்பது அவர்களுடைய சௌகரியம். படிக்கல்லும் அவர்கள் கையில்.

பாதுகாப்பு யாருக்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டுமானால் ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவைப் பாருங்கள். ஆதார் எண்ணும் விரல் ரேகையும் இருந்தால் போதும். ஓடிபி வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், மைக்ரோ ஏடிஎம்மில் காசு வரும். படிக்காத ஏழைக்கு எளிது என்று கொண்டுவந்தார்கள். அந்த எளிமை திருடனுக்கும் பிடித்துப்போனது. பத்திரப் பதிவு ஆவணங்கள் இணையத்தில் கிடந்தன. அவற்றில் ஆதார் எண்ணும் இருந்தது, பெருவிரல் ரேகையும் இருந்தது. அதைப் பார்த்துப் பிசின் விரல் செய்து காசு எடுத்தார்கள். 2023ல் பெங்களூருவில் வரிசையாகப் புகார்கள் வந்தன. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம். பெருவிரலை எந்தக் கடையில் மாற்றுவது? ஆணையத்தின் ஆலோசனை, செயலியில் போய் உங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். யாரிடம் சொல்கிறார்கள்? நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வரிசையில் நிற்கிற கிழவியிடம். போன் பேரனிடம் இருக்கிறது, பேரன் திருப்பூரில் இருக்கிறான். ஆதாரைப் பயன்படுத்திய ஆறு மாத விவரத்தை ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம்தான். அதைத் திறக்க அந்தப் போனுக்கு ஓடிபி வரவேண்டும்!

வீட்டுக்குள்ளும் இந்தத் தராசுதான் தொங்குகிறது. மனைவியின் மின்னஞ்சலைத் தன் போனிலும் திறந்துவைத்துக்கொண்டு, எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்தக் கருவியில் நுழைந்தாள் என்று லாகின் ஹிஸ்டரியைப் பஞ்சாங்கம் பார்க்கும் கணவன்மார் இருக்கிறார்கள். கேட்டால், 'எல்லாம் அவள் பாதுகாப்புக்குத்தான்.' அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணுக்கு இந்தப் பட்டியல் உயிர்காக்கும்; தன் கணக்கில் இன்னும் எவன் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று காட்டி, அவனை வெளியேற்றவும் வழி தரும். அதே பட்டியல் அவனிடம் இருந்தால், அவள் எந்த ஊரில் தஞ்சம் புகுந்தாள் என்று காட்டிக்கொடுத்துவிடும். பட்டியல் ஒன்றுதான். அதைப் படிக்கிற அதிகாரம் யாருக்கு என்பதுதான் வாழ்வும் சாவும். டெல்லியில் உட்கார்ந்து 'உங்கள் நன்மைக்காகத்தான்' என்று சொல்கிறவர்களின் குரலைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். அந்தக் கணவனின் குரல் அதில் கேட்கும்.

நம்மை எட்டிப் பார்த்தவர்களின் பட்டியலை நாமே படிப்பது நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை என்று அதிகாரிகள் சிரிக்கலாம். எஸ்டோனியா என்று ஒரு நாடு இருக்கிறது. மக்கள்தொகை 14 லட்சத்தைக்கூடத் தொடாது. அங்கேயும் அடையாள அட்டை உண்டு, எல்லாம் கணினி மயம். ஆனால் ஒரு குடிமகன் அரசு இணையதளத்தில் நுழைந்து, தன் விவரத்தை எந்தத் துறை, எந்த நாளில் எடுத்துப் பார்த்தது என்று தானே படிக்கலாம். 2017 முதல் அதற்கென்றே ஒரு வசதி நடக்கிறது. குற்ற விசாரணை போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி காரணமில்லாமல் எட்டிப் பார்த்த அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். நிலாவுக்குக் கலம் விட்ட நாட்டுக்கு இந்தத் தொழில்நுட்பம் எட்டாதாம்!

எட்டும். மனம்தான் எட்டவில்லை. ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. நாங்கள் எப்போது நுழைந்தோம் என்று எங்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்லவேண்டாம். அது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஆதாரை, ஆஸ்பத்திரிச் சீட்டை, முகத்தை, முகவரியை எந்த அலுவலகத்தின் எந்த நாற்காலி, எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காகத் திறந்து பார்த்தது என்ற பட்டியலைக் கொடுங்கள். திறந்ததைத் திருடன் திறந்தான் என்றால், அதை ட்ரிப்யூனிலும் ராய்ட்டர்ஸிலும் நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளும் முன் நீங்கள் சொல்லுங்கள். இந்தக் கோரிக்கை அற்பப் புகார் என்று தோன்றினால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போடுங்கள், கட்டுகிறோம். எங்கள் வங்கிக் கணக்கு எண் உங்களிடம் இல்லையென்றால் டெலிகிராமில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும்.